இடது தோளில் ஒரு பக்கிள்

எஃகா, அலுமினியமா என்று கேட்டான் ரெஜான்.
இரண்டு முதுகுத்தகட்டையும் கையில் தந்தான்.
எஃகு எனக்குப் பிடித்திருந்தது.
இடது கையால்தான் பிடிக்க முடியவில்லை.

பிராக்வில்லில், ஆற்றை ஒட்டிய கடை.
ஜன்னலுக்கு வெளியே செயின்ட் லாரன்ஸ்
தெருவைவிட நீளமான கப்பலொன்றைச்
சத்தமில்லாமல் கொண்டுபோனது.
ஆறு இறாத்தல் எஃகு, என்றான்,
இடுப்பில் கட்டும் ஈயத்தில் ஏறக்குறைய அவ்வளவும் குறையும்;
எப்படியும் சுமக்கத்தான் போகிறீர்கள்,
எங்கே என்பதுதான் கேள்வி.
விற்கிறவர்கள் வாயில் சிலசமயம்
இப்படி ஏதாவது வந்துவிடுகிறது.

சிறகுக்கு வந்தோம்.
உளுந்து வடைபோல் நடுவே ஓட்டை வைத்த காற்றுப்பை.
பெயர்தான் சிறகு;
கீழே போகிறவளை அளவாகப் போகவிடுவது அதன் வேலை.
என்னோடு நீருக்குள் இறங்குகிற கௌசி
"பெரிசா எடுமப்பா, பிறகு பத்தாட்டி?" என்றாள்,
பிள்ளைக்குப் பள்ளிச் சட்டை எடுக்கிற குரலில்.
நான் இனி வளரப்போவதில்லை.
நிறைந்த சிலிண்டரையும் தகட்டையும்
ஆளில்லாமல் மிதக்கவைக்க வேண்டும்,
ஆழத்தில் என் உடை நசுங்கினால் ஈடுகட்ட வேண்டும்.
அதற்குமேல் வாங்கும் இடம்
காற்று ஒளிந்திருந்து
மேலே வரும்போது புத்தியைக் காட்டுகிற இடம்.
முப்பது இறாத்தல் தூக்குவதையே எடுத்தேன்.

வாருக்குத்தான் சண்டை.

ஒரே வார். பன்னிரண்டு அடி. தையலில்லை.
தகட்டின் துளைகளில் புகுந்து புறப்பட்டு
இரு தோளையும் இடுப்பையும்
ஒரே மூச்சில் சுற்றிவருவது.
உடைய ஒன்றுமில்லாதது உடையாது
என்பது ரெஜானின் மதம்.
இடது தோளில் ஒரு பக்கிள் வேண்டும் என்றேன்.
ரசத்தில் சீனி கேட்டவளைப்போல் பார்த்தான்.

பதினொரு வருடமாக ஸ்கார்பரோவில் பஸ் ஓட்டுகிறேன்.
மார்க்கம் ரோட்டின் திருப்பமெல்லாம்
இந்த மூட்டுக்குள் கணக்கு எழுதியிருக்கின்றன.
முழங்கையை மடக்கி, பின்னால் தள்ளி,
கோழி இறக்கையை ஒடுக்குவதுபோல்
வாரிலிருந்து கையை உருவ வேண்டுமாம்.
மாலையானால் என் கை
பிரா கொக்கிக்கே போகாது, ரெஜான்.
காது சிவந்தான்.
எல்லா இழுப்பறைகளையும் திறந்து தேடினான்.

அன்றிரவு வீட்டு ஹாலில்
கம்பளத்தில் தகட்டைக் கிடத்தி வாரைக் கோத்தேன்.
முறுக்கிவிட்டது. பிரித்தேன். மறுபடி முறுக்கிவிட்டது.
தோளுக்கும் வாருக்கும் நடுவே
ஒரு முஷ்டி நுழைய வேண்டும்.
என் முஷ்டியா, ரெஜானின் முஷ்டியா?
கவட்டுவாரையும் மாட்டி
கண்ணாடி முன் குனிந்து நிமிர்ந்துகொண்டிருக்கையில்
பீட்சாக்காரப் பையன் மணியடித்தான்.
அப்படியே போய்த் திறந்தேன்.
பாவம், மீதிச் சில்லறையை எண்ணாமலே கொடுத்தான்.

அளவு முடிந்தபின் மீந்ததை வெட்டினேன்.
லைட்டரில் நுனியைக் கருக்க
நைலான் நாற்றம் மூன்று நாள் திரையில் இருந்தது.

அக்டோபரில் இறங்கினோம்.
மரக்கப்பலின் விலாவெல்லாம் வரிச்சிப்பி;
தொட்டால் கையுறையைக் கிழிக்கும். தொடவில்லை.
திரும்பும் வழியில், சிலிண்டரில் ஐந்நூறு மிச்சமிருக்க,
பதினைந்தடி ஆழத்தில் கயிற்றோரம் நின்று
சிறகை முழுதாக வெறுமையாக்கினேன்.
ஈயக் கணக்குச் சரியா என்று
இந்த இடத்தில்தான் தெரியும்.
மூன்று நிமிட நிறுத்தம்.
நான் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை.
என் வேலையில் இப்படியொரு நிறுத்தம்
இதுவரை வந்ததில்லை.

கரைப் படியில் விரல்கள் மரத்திருந்தன.
பக்கிள் ஒரு சொடுக்கில் விட்டது.
கௌசி இன்னும் தன் வாருக்குள்
முழங்கையைத் தேடிக்கொண்டிருந்தாள்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
பின்னால் போய்ச் சிலிண்டரைத் தாங்கிக்கொண்டேன்.

வெட்டிய மீதி, பதினாறு அங்குலம்,
இப்போது பஸ்ஸில்.
சாப்பாட்டுப் பெட்டியைச் சீட்டுக் காலோடு கட்டியிருக்கிறேன்.
எக்ளிண்டன் திருப்பத்தில்கூட
அசைவதில்லை.